எத்தனை அறைகள் வேண்டும்? மதீனாவிலிருந்து கூஃபா வரை

எங்கள் கடைசித் தங்கையின் நிக்காஹ் பேச்சு முடிந்த மறுவாரமே வீட்டு வரைபடம் வந்து சேர்ந்தது. நம் கடற்கரை ஊர்களின் வழக்கம் அறிந்தோருக்கு இதில் வியப்பு இராது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையின் கிழக்குக் கரை முஸ்லிம் ஊர்களிலும் மணமகன் மணமகளின் வீட்டுக்கு வந்து வாழ்வதே பழக்கம். ஆகவே பெண்ணுக்கு ஒரு வீடு என்பது திருமணத்திற்கு முந்திய கடமையாகவே ஆகிவிட்டது. பிறக்கும் பெண்மக்களின் எண்ணிக்கைக்கேற்ப வீடுகளும் எழ வேண்டும். அவற்றை எழுப்ப ஆண்மக்கள் கடல் கடக்க வேண்டும்.

வரைபடத்தில் இரண்டு தளங்கள். படுக்கையறை ஐந்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் குளியலறை. கீழே ஒரு கூடம், மேலே ஒரு கூடம். வளைகுடாவில் இருக்கும் எங்கள் காக்கா தொலைபேசியில் செலவைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, ஊர் திரும்பும் எண்ணத்தை இன்னும் மூன்று ஆண்டுகள் தள்ளிப்போட்டால் கட்டிவிடலாம் என்றார். வங்கிக் கடன் வாங்கினால் உடனே முடியும் என்று உறவினர் ஒருவர் சொன்னார். வட்டி என்ற சொல் எங்கள் வீட்டில் எழுந்தது அன்றுதான் முதன்முறை. உம்மும்மா மட்டும் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இத்தன ரூமுல யாரு வாப்பா படுக்கப் போறா?" என்று கேட்டார். பதில் சொல்ல எங்களில் எவருக்கும் வாய் வரவில்லை.

அந்தக் கேள்வியே எங்களை வரலாற்றின் பக்கம் திருப்பியது. ஒரு மனிதக் குடும்பம் வாழ உண்மையில் எவ்வளவு இடம் வேண்டும்? நமக்கு முன்மாதிரியாக அமைந்த தலைமுறையினர் இக்கேள்வியை எப்படி எதிர்கொண்டார்கள்?

ஹிஜ்ரி முதலாம் ஆண்டு, கி.பி. 622. மதீனாவில் மஸ்ஜித் எழுந்தபோது அதன் ஓரமாக இரண்டு அறைகள் மட்டுமே கட்டப்பட்டன. ஒன்று அன்னை ஸவ்தா (ரலி) அவர்களுக்கு, மற்றொன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு. பின்னர் தேவை ஏற்பட்டபோதெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்க்கப்பட்டு, இறுதியில் ஒன்பது ஆயின. வருங்காலத்தை எண்ணி முன்கூட்டியே கட்டப்பட்ட அறை அவற்றில் ஒன்றும் இல்லை. திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் 'அல்ஹுஜுராத்' என்று பெயர் பெற்றது இந்த அறைகளால்தான். அவற்றுக்குப் பின்னால் நின்று நபி (ஸல்) அவர்களை உரத்த குரலில் அழைத்தவர்களைக் கண்டித்தே அந்த வசனம் இறங்கியது. வெளியே நின்று கூவினால் உள்ளே கேட்கும் அளவிலான வீடுகள் அவை.

அவை எவற்றால் ஆனவை என்பதை இப்னு ஸஅத் போன்ற வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். சுடாத மண்கல் சுவர். பேரீச்ச மட்டைகளை நட்டு மண் பூசிய முன்தடுப்பு. மேலே பேரீச்ச ஓலைக் கூரை. வாசல்களில் முடியால் நெய்த முரட்டுத் திரைகள் தொங்கின. இமாம் புகாரி அவர்களின் 'அல்அதபுல் முஃப்ரத்' நூலில் தாவூத் இப்னு கைஸ் என்பாரின் மதிப்பீடு ஒன்று உள்ளது. முன்தடுப்பின் வாசலிலிருந்து அறையின் வாசல் வரை ஆறு அல்லது ஏழு முழம். உள்ளறை பத்து முழம். முழத்தை ஒன்றரை அடியாகக் கொண்டால் முன்பகுதி ஒன்பது, பத்து அடி. உள்ளறை பதினைந்து அடி. எங்கள் வரைபடத்தின் மேல்தளக் கூடத்தை அளந்து பார்த்தோம். இறைத்தூதர் ஒருவரின் குடும்ப வீடு முழுவதும் அதற்குள் அடங்கிவிடும் போலிருந்தது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டு வாசலுக்கு ஒற்றைக் கதவே இருந்தது என்றும், அது 'அர்அர்' மரத்தால் அல்லது தேக்கால் ஆனது என்றும் அதே நூலில் ஒரு செய்தி வருகிறது. தேக்கு அரபு மண்ணில் விளைவதில்லை. இந்தியக் கரைகளிலிருந்து மரக்கலம் ஏறிச் சென்ற சரக்கு அது. பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள் மஸ்ஜிதுந் நபவியைப் புதுப்பித்தபோது கூரைக்குத் தேக்கையே பயன்படுத்தினார்கள் என்பது ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. கடல் வணிகத்தில் வளர்ந்த நம் ஊர்களுக்கு இது சிறு மகிழ்ச்சி தரும் செய்தி என்பதால் இங்கே நின்று சொல்கிறோம். மற்றபடி நம் பொருளுக்கு இது தேவையானதன்று.

கூரை எவ்வளவு உயரம்? இதற்குச் சான்று ஒரு சிறுவன். ஹஸன் அல்பஸரீ (ரஹ்) அவர்களின் தாயார் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் வீட்டில் பணி செய்தவர். எனவே அந்த வீடுகளுக்குள் ஓடியாடி வளர்ந்த பிள்ளை அவர். ஹிஜ்ரி 21ஆம் ஆண்டளவில் பிறந்த அவர், உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் தாம் அவ்வீடுகளுக்குள் சென்று கையாலேயே கூரையைத் தொட்டதாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். அந்த ஆட்சி முடிந்தபோது அவருக்குப் பதினான்கு வயதுதான். பதின்ம வயதுப் பையனின் கைக்கு எட்டிய கூரை!

இத்தகைய இடத்தில் வாழ்க்கை எப்படி நடந்தது? ஹதீஸ் நூல்களில் இதற்கான விடை ஆங்காங்கே சிதறிக் கிடக்கிறது. கட்டடக் கலையைத் தேடாதவர் கண்ணில் அது படுவதில்லை. நபி (ஸல்) அவர்கள் இரவில் தொழும்போது தாம் அவர்களின் முன்னால் படுத்திருந்ததையும், கால்கள் கிப்லாத் திசையில் நீண்டிருந்ததையும் அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஸஜ்தாவுக்குக் குனியும்போது நபியவர்கள் மெல்லத் தொடுவார்கள். அன்னையவர்கள் காலை மடக்கிக்கொள்வார்கள். எழுந்து நின்றதும் மீண்டும் நீட்டுவார்கள். அந்நாளில் வீடுகளில் விளக்கு இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள். தொழுகையின் சட்டம் ஒன்றை நிறுவ அறிஞர்கள் எடுத்தாளும் ஹதீஸ் இது. நாங்கள் இதில் ஒரு வீட்டைக் காண்கிறோம். ஒருவர் தொழவும் ஒருவர் உறங்கவும் ஒரே தரை. இருவருக்கும் இடையே இருந்தது சுவரன்று, பழகிப்போன ஒரு தொடுதல்.

சிறிய வீட்டின் இடர்ப்பாட்டையும் அதே நூல்கள் மறைக்கவில்லை. அன்னை ஸைனப் (ரலி) அவர்களின் திருமண விருந்தன்று உணவு முடிந்த பின்னும் சிலர் எழுந்து போகாமல் பேசிக்கொண்டே இருந்தார்கள். அறையோ ஒன்று. மணப்பெண் சுவரை நோக்கி முகம் திருப்பி அமர்ந்திருந்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமின் அறிவிப்பு கூறுகிறது. நபி (ஸல்) அவர்கள் வெளியே சென்று மற்ற மனைவியரின் அறைகளை எட்டிப் பார்த்து ஸலாம் கூறித் திரும்பி வந்தார்கள். அப்போதும் அவர்கள் எழவில்லை. எழுந்து போங்கள் என்று சொல்ல நபியவர்களுக்குக் கூச்சம். அந்த நெருக்கடியில்தான் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 53ஆம் வசனம் இறங்கியது. உண்டு முடித்தால் கலைந்து செல்லுங்கள் என்பதும், நபியின் மனைவியரிடம் எதையேனும் கேட்பதாயின் திரைக்கு அப்பாலிருந்து கேளுங்கள் என்பதும் அதில் வந்த கட்டளைகள்.

இதில் நாம் நின்று சிந்திக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இடநெருக்கடியால் பிறந்த அந்தச் சங்கடத்திற்கு இரண்டாவது அறை தீர்வாகக் கூறப்படவில்லை. திரையும் நேரமும் ஒழுக்கமுமே கூறப்பட்டன. அந்நூர் அத்தியாயமும் இவ்வழியிலேயே பேசுகிறது. பிறர் வீட்டுக்குள் நுழைய அனுமதி கேட்க வேண்டும். வீட்டுக்குள்ளேயும் ஃபஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வு வேளை, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில் சிறு பிள்ளைகளும் அனுமதி பெற்றே வர வேண்டும். பத்து வயதானால் பிள்ளைகளின் படுக்கைகளைப் பிரிக்குமாறு ஹதீஸ் கூறுகிறது. அங்கும் படுக்கையே குறிப்பிடப்படுகிறது. அந்தரங்கம் மனிதனின் தேவை என்பதில் மார்க்கம் எள்ளளவும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ஓர் அறையில் வாழும் ஏழைக்கும் அது கைகூடும் வழியைக் காட்டியது. கதவைத் தட்டாமல் நுழையும் பழக்கம் மாறாத வீட்டில் ஐந்து அறைகள் இருந்தும் அந்தரங்கம் இருப்பதில்லை என்பதை நம்மில் பலர் அனுபவத்தில் அறிவோம்.

அன்னையர் எல்லோருக்கும் இந்த நிலையே போதுமாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் நபி (ஸல்) அவர்கள் தூமதுல் ஜந்தல் சென்றிருந்தபோது அன்னை உம்மு ஸலமா (ரலி) தமது அறையின் மட்டைத் தடுப்பை மண்கல் சுவராக மாற்றிக் கட்டினார்கள். திரும்பி வந்த நபியவர்கள் காரணம் கேட்டபோது, மக்களின் பார்வையைத் தடுக்க விரும்பியதாக அன்னையவர்கள் சொன்னார்கள். முஸ்லிமின் செல்வம் போய்ச் சேரும் இடங்களில் கட்டடம் நல்ல இடமன்று என்ற பொருளில் நபியவர்கள் பதிலளித்ததாக இப்னு ஸஅத் எழுதுகிறார். ஆயினும் அந்தச் சுவர் இடிக்கப்பட்டதாக எந்தக் குறிப்பும் எங்கள் கண்ணில் படவில்லை.

இனி, மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நாங்கள் நேர்மையற்றவர்கள் ஆவோம். விசாலமான வீடு மனிதனின் நற்பேறுகளில் ஒன்று என்று சொன்னவர்களும் நபி (ஸல்) அவர்களே. நல்ல அண்டை வீட்டார், சுகமான வாகனம் ஆகியவற்றோடு அதைச் சேர்த்துச் சொன்னார்கள். தமது வீட்டை விசாலமாக்கித் தருமாறு அவர்கள் அல்லாஹ்விடம் துஆச் செய்ததும் அறிவிக்கப்பட்டுள்ளது. எனவே நெருக்கமே புண்ணியம் என்று நாம் சொல்லிவிட இயலாது. ஆறு பேர் ஒரே அறையில் புழுங்கும் குடும்பத்திடம் சென்று ஹுஜுராத்தைப் பற்றிப் பேசுவது உபதேசமன்று, கொடுமை. விசாலம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எங்கே அது விசாலமாக இருப்பதை நிறுத்திவிட்டு வேறொன்றாக மாறுகிறது என்பதே கேள்வி. விரிப்புகளைப் பற்றிய ஹதீஸ் இதற்கு ஓர் அளவுகோல் தருகிறது. ஆணுக்கு ஒன்று, அவன் மனைவிக்கு ஒன்று, மூன்றாவது விருந்தாளிக்கு. நான்காவதாக ஒன்று இருந்தால் அது ஷைத்தானுக்கு என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. விருந்தாளிக்கான இடம் தேவையின் கணக்கிலேயே சேர்ந்துவிட்டதைக் கவனியுங்கள். ஊரில் யார் யாரோ வந்து தங்கிச் சென்ற திண்ணைகள் நினைவுக்கு வருகின்றன.

இந்தக் கேள்வி ஒரு குடும்பத்தின் கேள்வியாக இருந்தது போய், ஒரு நகரத்தின் கேள்வியாக, ஓர் அரசின் கேள்வியாக எழுந்தது உமர் (ரலி) அவர்களின் காலத்தில்தான்.

ஹிஜ்ரி 17, கி.பி. 638. பாரசீகப் போர்களில் வென்ற படையினருக்காக இராக்கில் கூஃபா நகரம் நிறுவப்பட்டது. தளபதி ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி). அதற்குச் சற்று முன்பே பஸராவும் குடியேற்றமாகியிருந்தது. இரண்டிலும் முதலில் எழுந்தவை நாணல் குடில்கள். பஸரா மக்கள் போருக்குப் புறப்படும்போது நாணல்களைப் பிடுங்கிக் கட்டுகளாகக் கட்டி வைத்துவிட்டுப் போவார்கள் என்றும், திரும்பி வந்ததும் மறுபடி நட்டு வீடாக்கிக் கொள்வார்கள் என்றும் பலாதுரீ எழுதுகிறார். வீடு என்பது சுருட்டி வைக்கக்கூடிய பொருளாக இருந்த காலம்.

நாணலுக்குப் பகை நெருப்பு. அவ்வாண்டே கூஃபாவில் பெருந்தீ மூண்டு எண்பது குடில்கள் எரிந்துபோயின என்று தபரீ குறிப்பிடுகிறார். மண்கல்லால் வீடு கட்டிக்கொள்ள அனுமதி கேட்டு ஸஅத் (ரலி) மதீனாவுக்கு ஆள் அனுப்பினார்கள். உமர் (ரலி) அனுமதித்தார்கள். ஆனால் நிபந்தனை விதித்தார்கள்: எவரும் மூன்று அறைகளுக்கு மேல் கட்டக் கூடாது, கட்டடத்தில் ஒருவரையொருவர் விஞ்ச முற்படக் கூடாது. அளவான உயரம் என்றால் என்ன என்று கேட்கப்பட்டபோது, வீண்விரயத்தின் அருகே கொண்டுசெல்லாததும் நடுநிலையை விட்டு வெளியேற்றாததும் எதுவோ அதுவே அளவு என்ற கருத்தில் விடை தந்தார்கள். பஸராவுக்கும் இதே ஆணை சென்றது.

மூன்று என்ற எண் எங்கிருந்து வந்தது? நூல்கள் காரணம் கூறவில்லை. பெற்றோருக்கு ஒன்று, ஆண்மக்களுக்கு ஒன்று, பெண்மக்களுக்கு ஒன்று என்று எங்களுக்குத் தோன்றுகிறது. எங்கள் உம்மாவோ ஒன்று விருந்தாளிக்கு என்று வாதிடுகிறார். இரண்டும் ஊகமே. எண்ணைவிட அந்த ஆணை விதிக்கப்பட்ட நேரம் எங்களை அதிகம் சிந்திக்க வைத்தது. பாரசீகத்தின் தலைநகரான மதாயின் வீழ்ந்து கிஸ்ராவின் கருவூலங்கள் முஸ்லிம்களின் கைக்கு வந்த சமயம் அது. வறுமையில் வாடியவர்களிடம் சிக்கனம் பேசப்படவில்லை. வாழ்வில் முதன்முறையாகக் கையில் பணம் புரண்டவர்களிடம் பேசப்பட்டது. வளைகுடாப் பணம் வந்து சேர்ந்த நம் தெருக்களோடு ஒப்பிட்டால் இதன் கூர்மை புரியும்.

தனி வீட்டில் இறுக்கம் காட்டிய அதே திட்டம் பொது இடத்தில் தாராளம் காட்டியது. கூஃபாவின் பெருவீதிகள் நாற்பது முழம் அகலம். அடுத்தவை முப்பது, அதற்கடுத்தவை இருபது. குறுஞ்சந்துகள்கூட ஏழு முழத்திற்குக் குறையக் கூடாது. நடுவில் மஸ்ஜித், அதைச் சூழ்ந்து திறந்த வெளி. வீட்டுக்குள் குறைந்த இடம் தெருவில் திருப்பித் தரப்பட்டது என்று சொல்லலாம். நம் ஊர்களில் நடப்பது இதன் தலைகீழ். மதில் வெளியே வர வர, தெரு உள்ளே போகிறது. ஜனாஸா தூக்கிச் செல்லும்போது சந்துத் திருப்பத்தில் தோள் கொடுத்தவர்கள் சுவரில் உராய்ந்து நிற்பதை நாங்களே கண்டிருக்கிறோம்.

ஆணை மக்களுக்கு மட்டுமா? ஸஅத் (ரலி) அவர்களின் இல்லம் மஸ்ஜிதை ஒட்டி, சந்தைக்கு அருகில் இருந்தது. சந்தையின் இரைச்சல் பேச்சையே கேட்கவிடவில்லை. ஆளுநர் வாசலுக்கு ஒரு கதவு போட்டார். 'ஸஅதின் மாளிகை' என்று மக்கள் அழைக்கத் தொடங்கிய செய்தி மதீனாவை எட்டியது. உமர் (ரலி) முஹம்மத் இப்னு மஸ்லமா (ரலி) அவர்களை அனுப்பினார்கள். அவர் கூஃபாவுக்கு வந்தார்; விறகு வாங்கினார்; கதவை எரித்தார்; வந்த வேலை முடிந்தது என்று திரும்பிவிட்டார். தாம் மக்களைத் தடுக்க எண்ணவில்லை என்று ஸஅத் (ரலி) கூறிய விளக்கத்தைப் பின்னர் உமர் (ரலி) ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் கதவு எரிந்தது எரிந்ததுதான்.

இந்த ஸஅத் (ரலி) யார் தெரியுமா? விசாலமான வீடு நற்பேறு என்ற ஹதீஸை அறிவித்த நபித்தோழர்களுள் ஒருவர்; இப்னு ஹிப்பானின் தொகுப்பில் அவர் வழியாகவே அது வந்துள்ளது. இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் படித்தபோதுதான் எங்களுக்கு ஒன்று விளங்கியது. விசாலத்தைப் பழித்து அந்தக் கதவு எரிக்கப்படவில்லை. ஆளுநரின் வீடு அவருக்கும் மக்களுக்கும் நடுவே நின்றது; அதனால் எரிந்தது.

எகிப்திலும் இதை ஒத்த ஒன்று நடந்தது. அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) நிறுவிய ஃபுஸ்தாத் நகரில் முதன்முதலாக மாடியறை கட்டியவர் காரிஜா இப்னு ஹுதாஃபா (ரலி). அங்கிருந்து பார்த்தால் அண்டை வீட்டாரின் அந்தரங்கம் தெரியும் என்று உமர் (ரலி) அவர்களுக்குத் தகவல் சென்றது; அந்த அறையை இடிக்குமாறு அம்ருக்கு மடல் வந்ததாக இப்னு அப்தில் ஹகம் எழுதுகிறார். மாடி கட்டுவதே தவறென்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. நபி (ஸல்) அவர்களே ஒரு மாடியறையில் இருபத்தொன்பது நாள்கள் தனித்துத் தங்கியிருந்தார்கள். அங்கே ஏறிச் சென்ற உமர் (ரலி), பாயின் தடம் நபியவர்களின் விலாவில் பதிந்திருப்பதையும், அறையில் பதனிடாத சில தோல்களைத் தவிர வேறொன்றும் இல்லாததையும் கண்டு கண்ணீர் விட்டார்கள். அன்று கிஸ்ராவையும் கைஸரையும் ஒப்பிட்டுப் பேசியவர், கிஸ்ராவின் செல்வம் தம் கைக்கு வந்தபின் மூன்று அறை என்று எழுதினார். அந்தப் பாயின் தடம் அவர் நினைவில் இருந்திருக்க வேண்டும் என்றே நாங்கள் எண்ணுகிறோம்.

ஆணைகள் அவரோடு நிலைக்கவில்லை. ஃபுஸ்தாத் பின்னாளில் அடுக்குமாடிகளின் நகராக வளர்ந்தது. நான்கு, ஐந்து தளங்கள் கொண்ட வீடுகள் கோபுரங்கள் போல் நின்றன என்றும், ஒரே கட்டடத்தில் இருநூறு பேர் வரை வசிப்பதாகக் கேள்வியுற்றதாகவும் பத்தாம் நூற்றாண்டின் முகத்தஸீ எழுதினார். 1047இல் அங்கு வந்த நாஸிர் குஸ்ரோ ஏழு முதல் பதினான்கு தளங்கள் வரை பேசுகிறார். ஏழடுக்கு வீட்டின் மொட்டை மாடியில் தோட்டம் போட்டவர் ஒருவர், கன்றாக இருக்கும்போதே ஒரு மாட்டை மேலே ஏற்றி வளர்த்து ஏற்றச் சக்கரத்தைச் சுற்ற வைத்தாராம். வளர்ந்த பிறகு அந்த மாடு எப்படிக் கீழே இறங்கியிருக்கும் என்பதே எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கவலை.

மதீனாவுக்கே திரும்புவோம். ஹிஜ்ரி 88, கி.பி. 707. உமைய்யா கலீஃபா வலீத் இப்னு அப்தில் மலிக் மஸ்ஜிதுந் நபவியை விரிவுபடுத்த ஆணையிட்டார். அன்னையரின் அறைகள் அகற்றப்பட வேண்டும். மதீனாவின் ஆளுநராக அப்போதிருந்தவர், பின்னாளில் எளிமைக்கே பெயர்பெற்ற கலீஃபாவாக ஆகவிருந்த உமர் இப்னு அப்தில் அஸீஸ் (ரஹ்). கலீஃபாவின் மடல் வாசிக்கப்பட்ட அந்நாளில் அழுததைப் போல் மதீனா மக்கள் அழுது தாம் கண்டதில்லை என்று அதாஉல் குராஸானீ கூறினார். தாபிஈன்களில் தலைசிறந்த ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) சொன்னதே வரலாற்றில் தங்கிவிட்டது. அந்த அறைகளை அப்படியே விட்டுவைத்திருக்கலாமே. மதீனாவில் புதிதாகப் பிறந்து வரும் தலைமுறையும், தொலைவிலிருந்து வருவோரும், அல்லாஹ்வின் தூதர் தம் வாழ்நாளில் எதைப் போதுமென்று கொண்டார்கள் என்பதைக் கண்ணால் கண்டிருப்பார்களே. பொருள் பெருக்குவதிலும் பெருமையடிப்பதிலும் மக்களுக்குள்ள மோகம் அதனால் குறைந்திருக்குமே என்று அவர் வருந்தினார்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறை மட்டும் நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகியோரும் அடங்கிய இடமாதலால் மஸ்ஜிதின் சுவர்களுக்குள் பாதுகாக்கப்பட்டது. அந்த அடக்கங்களோடு அன்னையவர்கள் பல்லாண்டுகள் வாழ்ந்தார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். இருவர் மட்டும் அங்கே அடங்கியிருந்தவரை, ஒருவர் கணவர், மற்றவர் தந்தை என்று மேலாடையின்றி உள்ளே செல்வார்களாம். உமர் (ரலி) அடக்கப்பட்ட பின் அவர்மீது கொண்ட நாணத்தால் ஆடையை இறுக்கிப் போர்த்திக்கொண்டே நுழைந்ததாக இமாம் அஹ்மத் பதிவு செய்துள்ளார்கள். பதினைந்து அடி அறை. அதில் ஒரு வீடு, மூன்று கப்ருகள், அவற்றினிடையே காக்கப்பட்ட ஒரு நாணம்.

கண்ணால் காண அறைகள் இல்லாமல் போனபின், அளவைச் சொல்லும் பொறுப்பு ஃபுகஹாக்களிடம் வந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஹனஃபீ நூலான 'அல்ஹிதாயா' மனைவியின் உறைவிட உரிமையைப் பேசும்போது, கணவனின் குடும்பத்தார் எவரும் பங்கு கொள்ளாத, பூட்டிக்கொள்ளத்தக்க தனி அறை ஒன்றையேனும் அவளுக்குத் தர வேண்டும் என்கிறது. பூட்டுள்ள ஓர் அறை! எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்தக் குறைந்தபட்ச அளவை எட்டாத கூட்டுக் குடும்பங்கள், நான்கு படுக்கையறை வீடுகளிலும் இன்று உண்டு. நம் கடற்கரை ஊர்களில் பெண் தன் தாய்வீட்டிலேயே இருப்பதால் இந்த உரிமை இயல்பாகக் கிடைத்துவிடுகிறது. இவ்வழக்கத்தின் நன்மையை நாங்கள் மறுக்கவில்லை.

நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில் ஹஜ்ஜுக்கான வசதியை விளக்கும் இடத்தில் இன்னொன்று உள்ளது. குடியிருக்கும் வீட்டை விற்று ஹஜ் செய்ய வேண்டியதில்லை. ஆனால் வீட்டின் ஒரு பகுதியே போதுமானதாக இருந்து, மீதியின் விலை ஹஜ் செலவுக்கு ஈடாகுமானால், அல்லது அவ்வீடு அவரைப் போன்றவருக்குத் தகாத அளவு விலையுயர்ந்ததாக இருந்து, தக்கதொரு வீட்டுக்கு மாறினால் மிஞ்சும் தொகை போதுமானால், ஹஜ் அவர்மீது கடமையாகும் என்று எழுதியுள்ளார்கள். ஹனஃபீ அறிஞர்கள் இதில் இவ்வளவு இறுக்கம் காட்டவில்லை. தத்தம் நிலையைச் சொல்லி ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வதே முறை. ஆயினும் வீட்டில் உபரியாகக் கிடக்கும் அறைக்கு ஒரு விலை உண்டு, அந்த விலைக்கு ஒரு கடமை காத்திருக்கக் கூடும் என்ற சிந்தனை எங்களை உறங்க விடவில்லை. எங்கள் வாப்பாவும் உம்மாவும் இன்னும் ஹஜ் செய்யவில்லை.

இத்தனையையும் படித்துவிட்டு ஒருநாள் இஷாவுக்குப் பின் எல்லோரும் வரைபடத்தைச் சுற்றி உட்கார்ந்தோம். காக்காவும் தொலைபேசியில் இருந்தார். வட்டிக் கடன் என்ற பேச்சை வாப்பா முதலிலேயே நிறுத்திவிட்டார். மேல்தளத்தில் மூன்று அறைகளை அடித்துவிடலாம் என்று நாங்கள் சொன்னோம். சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று உம்மா கேட்டார். அது வீண் கேள்வியன்று, தங்கை வாழப் போவது அவர்களின் பார்வைக்குள்தான். தங்கையிடம் யாரும் கேட்கவில்லையே என்று காக்கா சொன்ன பிறகுதான் அவளை அழைத்தோம். தனக்குப் பூட்டுள்ள ஓர் அறையும், காக்கா ஊருக்கு வந்தால் தங்க ஓர் அறையும் வேண்டும் என்றாள். உம்மும்மாவுக்குப் படியேற முடியாது, ஆகவே கீழே ஒன்று. எண்ணிப் பார்த்தால் மூன்று.

இரண்டு அறைகளைப் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை. பொறியாளரைப் பொறுத்திருக்கச் சொல்லியிருக்கிறோம். ஷவ்வாலில் காக்கா விடுப்பில் வருகிறார். அவர் வந்ததும் சம்பந்தி வீட்டாரையும் வைத்துப் பேசுவதாக முடிவாகியிருக்கிறது.